மீட்க வருவோன் கைக்கு ஓர் ஆளி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)





இம்மேடையில் வழமையாகப் பேசப்படும் பொருள்கள் வேறு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கரடுமுரடான நிலத்தில் நடைபெறும் மோட்டார்ப் போட்டிக்குச் செல்லும் ஒரு ஜீப் வண்டியில், பற்றறியைத் துண்டிக்கும் ஆளி ஒன்றைப் பூட்டுவது எப்படி என்பதே அது. தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் புன்னகை செய்ததைக் கண்டோம். "இது கராச்சிற் பேசவேண்டிய விடயமல்லவா?" என்பது அப்புன்னகையின் பொருள். உண்மை, இது கராச்சுக்குரிய விடயந்தான். ஆயினும் அந்தச் சிறிய ஆளியை வண்டியில் எவ்விடத்திற் பூட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினால், ஒரு வேலையை நாம் யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி இம்மேடைக்கும் உரியது. ஆதலால் சற்றுப் பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

பற்றறியின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்ட காலத்தில், தடைசெய்யப்பட்டவற்றுள் பற்றறியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களைச் சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்னும் இராப்பொழுதில் வீணே கசிந்து போகக் கூடாதென்று, காரை நிறுத்தியதும் பற்றறியின் ஒரு முனையைக் கழற்றி வைத்த முதியவர்களை நாம் அறிவோம். அவர்கள் அன்று ஸ்பனரைக் கொண்டு செய்த வேலையையே இன்று நாம் பேசும் ஆளி ஒரு திருப்பலிற் செய்துவிடுகிறது. வேறுபாடு ஒன்றுதான். அவர்கள் மின்னைக் காப்பதற்காகக் கழற்றினார்கள். போட்டி வண்டியில் உயிரைக் காப்பதற்காகக் கழற்றுகிறோம்.

உயிருக்கு என்ன ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். 12 உவோற்றுப் பற்றறியின் இரு முனைகளையும் உலர்ந்த கைகளாற் பிடித்தாலும் அது ஒன்றும் செய்யாது. ஆதலினாலேயே பலருக்கு அதனிடம் பயமில்லை. ஆனால் அதன் சாதுத்தன்மை கைக்கு மாத்திரமே. இரும்புக்கும் செம்புக்கும் அது சாதுவன்று. ஈயப் பற்றறியினுள்ளே ஆறு சிற்றறைகள் உள. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 உவோற்றுத் தரும். நிறைந்த பற்றறியின் அழுத்தம் 12.6 உவோற்று. அதன் உள்தடையோ மிகச் சிறியது. அதனை 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். 12.6 ஐ 0.005 ஆல் வகுத்தால் 2,520 அம்பியர் வருகிறது. வீட்டுச் சுவரிலுள்ள 13 அம்பியர்ச் செருகியோடு ஒப்பிட்டால், இது 190 மடங்குக்கு மேல். நேர்முனையிலிருந்து செல்லும் தடித்த கம்பி வண்டியின் உடலிலே ஓரிடத்திற் பட்டால் இவ்வளவு மின்னோட்டமும் அவ்விடத்திற் பாய முனையும். கம்பி சிவக்கும், அதன் உறை எரியும், அருகிலே எண்ணெய்க் குழாய் இருந்தால் மிகுதியைச் சொல்லவேண்டியதில்லை.

நாம் சிறு பிராயத்தில் ஒரு கராச்சிற் கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. வேலை பழகிய இளைஞர் ஒருவர் விரலில் மோதிரத்துடன் பற்றறியின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பனரின் ஒருபுறம் நேர்முனையிலே, மறுபுறம் மோதிரத்திலே, மோதிரம் வண்டியின் தகட்டிலே. கண்ணிமைக்கும் நேரந்தான். மோதிரம் தணல்போலச் சிவந்துவிட்டது. விரலில் அவ்வடு அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும். அன்று கராச் முதலாளி எங்களுக்குச் சொன்ன புத்தி ஒன்றே: பற்றறியைத் தொடுமுன் மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்று. இன்றைக்கும் அதுவே முதற் பாடம்.

இனிப் போட்டி வண்டியின் கதைக்கு வருவோம். நமது நாட்டிலே தியத்தலாவையில் பொக்ஸ்ஹில், அனுராதபுரத்துச் சாலியபுரத்தில் கஜபா என்னும் பெயர்களில் மண் பாதைகளிலே 'சுப்பர்குறொஸ்' ஓட்டங்கள் நடந்திருக்கின்றன. மலேசியாவில் 1997இல் 'றெயின்போறெஸ்ற் சலஞ்' என்னும் காட்டுப் போட்டி தொடங்கியது. சேற்றிலே புதைந்த வண்டியைத் தன் முன்புறத்து வின்ச்சினால் மரத்தைப் பற்றித் தானே இழுத்தேறும் போட்டி அது. பாரிசிலிருந்து தக்கார் வரை பாலைவனங் கடக்கும் ஓட்டம் 1978 திசெம்பர் 26இல் முதன்முதலிற் புறப்பட்டது. நமது குடாநாட்டிலே மணற்காட்டு மணற்குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய நிலத்தில் வண்டி ஓட்டுவது எத்தகையது என்பது விளங்கும். அங்கே வண்டி தெருவில் ஓடுவதுபோல ஓடாது. குதிக்கும், சாயும், சிலவேளை குடைசாய்ந்து தலைகீழாகவுங் கிடக்கும். குதிக்கும்போது பற்றறி இடம்பெயரும். கம்பி கூரிய தகட்டில் உராய்ந்து உறை தேயும். தலைகீழாகக் கிடக்கும்போது எண்ணெய்த் தாங்கியிலிருந்து எண்ணெய் ஒழுகும். ஒழுகும் எண்ணெயும் உராயும் கம்பியும் ஓரிடத்திற் கூடும் கணத்திலே, வண்டியினுள்ளே இடுப்புக்கும் தோளுக்கும் வார்கட்டி இறுக்கப்பட்டு ஒரு மனிதன் இருக்கிறான். இதுதான் ஆபத்து.

நம்மூர் மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்திருக்கிறீர்கள். ஓட்டத்தில் வண்டி குடைசாய்ந்தால் ஓடி வருபவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? வண்டியை நிமிர்த்துவதில்லை. பூட்டாங்கயிற்றை அவிழ்த்து மாட்டை விடுவிக்கிறார்கள். மாடு பூட்டியபடி இருக்க வண்டியிற் கை வைத்தால், மாடு மிரண்டு இழுக்கும். அகப்பட்டவன் மேலும் அகப்படுவான். மோட்டார் வண்டிக்கு எஞ்சினும் பற்றறியுமே மாடுகள். அவற்றை வண்டியிலிருந்து அவிழ்த்துவிடும் பூட்டாங்கயிறுதான் இந்த ஆளி.

இதனை உலகம் தற்செயலாக விடவில்லை. 1904ஆம் ஆண்டு பாரிசில் நிறுவப்பட்ட சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் தன் விதிநூலின் 'ஜே' பின்னிணைப்பிலே இதனைத் திட்டமாக வகுத்திருக்கிறது. அதன் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். ஆளி வண்டியின் எல்லா மின்சுற்றுக்களையும் துண்டிக்க வேண்டும். பற்றறி, அல்ரனேற்றர், விளக்கு, ஊதுகுழல், பற்றவைப்பு, ஒன்றும் எஞ்சக் கூடாது. அதனோடு எஞ்சினையும் நிறுத்த வேண்டும். துண்டிக்கும்போது பொறி வெளிப்படாத வகையாக இருத்தல் வேண்டும். வண்டியின் உள்ளிருந்தும் வெளியிருந்தும் இயக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். மூடிய வண்டிகளில், வெளியே இழுக்கும் பிடி முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்புறத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் அடிப்பக்கம் 12 சதமமீற்றருக்குக் குறையாத நீலநிற முக்கோணமும், அதற்கு வெள்ளைக் கரையும், நடுவே சிவப்பு மின்னற் கீற்றும் வரைந்திருத்தல் வேண்டும். இந்த முக்கோணத்தை மறவாதீர்கள். முடிவில் மீண்டும் இதனிடம் வருவோம்.

இனிப் பூட்டும் முறை. நாமும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பழைய ஜீப் ஒன்றைப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்தபோது கற்றதையே சொல்கிறோம். அதிற் பாதி, பிழை விட்டுக் கற்றது.

முதலாவது, கழற்றும் ஒழுங்கு. வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றுக, கடைசியிற் பூட்டுக. உடலோடு இணைந்த முனை கழன்றிருந்தால், மற்ற முனையை முறுக்கும் ஸ்பனர் தகட்டிற் பட்டாலும் தீங்கில்லை. இக்காலத்து வண்டிகளில் உடலோடு இணைவது மறைமுனை. ஆனால் நம்மூரிற் பேர்பெற்ற ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். ஆகையால் 'மறைமுனையை முதலிற் கழற்று' என்று மனப்பாடஞ் செய்தவன் பழைய காரிலே ஏமாறுவான். காரணத்தை அறிந்தவன் எந்தக் காரிலும் ஏமாறமாட்டான். அன்றியும், பற்றறி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றிலே அது நூற்றுக்கு 4 பங்கிலிருந்து 75 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே அதனை வெடிக்கச் செய்யும். மின்னேற்றி முடித்தவுடனே பற்றறி மேற் குனிந்து நின்று முனையைக் கழற்றுவது நல்ல பழக்கமன்று.

இரண்டாவது, ஆளியின் ஆற்றல். கடையிலே சிவப்புச் சாவியுடன் விற்கும் சிறிய ஆளி தொடர்ச்சியாக 100 அம்பியரும், சில விநாடிகளுக்கு 500 அம்பியரும் தாங்கும் வகையைச் சேர்ந்தது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டருக்கு அது போதும். ஸ்ராட்டர் சில விநாடிகளே மின்னை இழுக்கும். வின்ச்சுக்கு அது போதாது. 9,500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 4,300 கிலோகிராம் இழுக்கும் 12 உவோற்று வின்ச் முழுச் சுமையில் 400 அம்பியருக்கு மேலும் இழுக்கும். அதுவும் விநாடிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில். அங்கே ஒரு தளர்ந்த இணைப்பு என்ன செய்யும் என்று பாருங்கள். அதன் தடை ஒரு மில்லி ஓம் மாத்திரமே என்று வைத்துக்கொள்வோம். 400 அம்பியர் பாயும்போது 0.4 உவோற்று அவ்விடத்தில் வீணாகும். 160 உவாற்று வெப்பம் அந்த ஒரு திருகில் உண்டாகும். ஆகவே ஆளியும் கம்பியும் வின்ச்சின் சுமைக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். கம்பியின் நுனிக் கண்கள் அழுத்திப் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். திருகுகள் இறுக்கமாக இருத்தல் வேண்டும்.

வின்ச்சைப்பற்றி இன்னொரு சொல். அதனை இயக்கும் சோலனொயிட்டின் முனைகள் மிகுந்த மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது கைப்பிடியிலுள்ள பொத்தானை விட்டாலும் வின்ச் நிற்காது. கம்பிவடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வடத்தருகே ஒருவனுடைய கை இருந்தால்? அவ்வேளையில் வின்ச்சை நிறுத்த இருக்கும் ஒரே வழி இந்த ஆளிதான். சிலர் சிறிய ஆளியை வைத்துக்கொண்டு வின்ச்சின் கம்பியை மாத்திரம் நேரே பற்றறியிற் கொண்டுபோய்ப் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டினால், வெளியிலிருந்து ஆளியை இழுப்பவன் எல்லாம் நின்றுவிட்டது என்று நம்பிக் கைவைப்பான். வின்ச் மாத்திரம் உயிரோடிருக்கும். ஆளி இல்லாத வண்டியைக் காட்டிலும், பொய்யான ஆளி உள்ள வண்டி பொல்லாதது. ஆளியைத் தாண்டி ஒன்றும் நேரே பற்றறியோடு சேரக் கூடாது. வின்ச், மேலதிக விளக்கு, வானொலி, விசிறி எதுவாயினும் ஆளிக்கு அப்பாலேதான்.

மூன்றாவது, இடம். பற்றறிக்கும் ஆளிக்கும் இடையிலுள்ள கம்பி, ஆளியைத் திருப்பிய பின்னும் உயிரோடிருக்கும். ஆகவே அத்துண்டு இயன்ற அளவு குட்டையாக இருத்தல் வேண்டும். அது தகட்டை ஊடறுக்கும் இடங்களில் றபர் வளையம் இட்டு, மேலே இன்னோர் உறையும் போடவேண்டும். பற்றறியை வண்டி தலைகீழானாலும் அசையாதபடி உலோகப் பட்டையாற் கட்டி, முனையை றபர் மூடியால் மறைக்க வேண்டும். வார்கட்டி இறுக்கியபடி அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கும் துணைவருக்கும் ஆளி கையெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்; ஆனால் முழங்கால் தட்டித் தவறுதலாகத் திரும்பும் இடத்தில் இருக்கக் கூடாது. சேறும் நீரும் தெறிக்காத இடமாகப் பார்த்துக்கொள்க. நமது கடற்கரைக் காற்றிலே உப்பு அதிகம். செம்பிற் களிம்பைப்பற்றி நம் பெரியோர் சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். மின் இணைப்பிலே அக்களிம்பு உவமையன்று, கண்முன் நிற்கும் பகை. முனைகளிற் சிறிது வசிலீன் பூசிவைத்து, மாதம் ஒருமுறை பார்த்துத் துடைத்தல் நன்று.

இவ்வளவையும் செய்து முடித்து, ஆளியைத் திருப்பிப் பார்த்தோம். விளக்கு அணைந்தது. ஊதுகுழல் ஒலிக்கவில்லை. ஸ்ராட்டர் அசையவில்லை. வேலை முடிந்தது என்று மூவரும் கைகழுவினோம். அப்போது பக்கத்து வளவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் வேலியருகே வந்தார்.

"தம்பிமார், ஆளி பூட்டியாச்சுதோ?"

"ஓம் அண்ணை, எல்லாம் சரி. எல்லாம் நிக்குது."

"எஞ்சினை ஓடவிட்டு நிப்பாட்டிப் பாத்தனீங்களோ?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எஞ்சினை இயக்கினோம், சற்று வேகப்படுத்தினோம், ஆளியைத் திருப்பினோம். எஞ்சின் நிற்கவில்லை. ஒன்றுமே நடவாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வண்டி பிரண்டு கிடக்கேக்கை எஞ்சின் ஓடிக்கொண்டுதானே தம்பி கிடக்கும்? நிண்ட வண்டியிலை சோதிச்சு என்ன பிரயோசனம்?" என்று மாத்திரம் சொன்னார்.

அந்த வார்த்தை எங்களுக்கு உறைத்தது. காரணத்தையும் அவரே விளக்கினார். ஓடும் எஞ்சினிலே மின்னைத் தருவது பற்றறி மாத்திரமன்று, அல்ரனேற்றரும் தருகிறது. பற்றறியைத் துண்டித்தாலும் அல்ரனேற்றர் பற்றவைப்புக்கு மின்னை ஊட்டிக்கொண்டே இருக்கும். அதுவன்றி, ஓட்டத்தின் நடுவே பற்றறியை விலக்கினால் அதன் சுமை திடீரென நீங்குவதால் அல்ரனேற்றரின் அழுத்தம் துள்ளி எழும். அதனுள்ளேயிருக்கும் இருவாயிகள் பழுதாகவும் கூடும். ஆதலால் போட்டி வண்டிக்கு இரண்டு முனை ஆளி போதாது. ஆறு முனை ஆளி வேண்டும். இரண்டு பெரிய முனைகள் பற்றறியின் தடித்த கம்பிக்கு. இரண்டு சிறிய முனைகள் பற்றவைப்புக் கம்பிக்கு. ஆளியைத் திருப்பும்போது இவையும் பிரிந்து எஞ்சினை நிறுத்தும். எஞ்சிய இரண்டு சிறிய முனைகள் மாறானவை. மற்றவை பிரியும்போது இவை சேரும். சேர்ந்து, அல்ரனேற்றரில் மிஞ்சிய மின்னை ஏறத்தாழ 3 ஓம் தடையொன்றின் வழியாக வண்டியின் உடலுக்குக் கொண்டுபோய்த் தணித்துவிடும். ஆறு முனை ஆளியை வாங்கி மறுபடியும் பூட்டினோம். எஞ்சினை வேகமாக ஓடவிட்டுத் திருப்பினோம். பட்டென்று நின்றது. அந்த அமைதியைப்போல இனிய ஓசையை நாம் அதிகம் கேட்டதில்லை.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். மின் நின்றால் அது நிற்கும். டீசலுக்குப் பொறி வேண்டியதில்லை. மின்னணு முறையில் எண்ணெய் செலுத்தும் புதிய டீசல் எஞ்சின் மின் நின்றால் நின்றுவிடும். ஆனால் பொறிமுறைப் பம்பியுடன் கூடிய பழைய ஜீப்புகளிற் பல, கம்பியை இழுத்து எண்ணெயை அடைத்தால் மாத்திரமே நிற்பவை. அத்தகைய வண்டியில் ஆளியோடு எஞ்சினுட் செல்வதை அடைக்கும் சாதனம் ஒன்றையும் இணைத்தே பூட்டவேண்டுமென்று விதியும் சொல்கிறது. ஒரே இழுப்பில் இரண்டும் நடத்தல் வேண்டும்.

தம்பிமாரே, இவ்வளவு நுணுக்கமும் யாருக்காக? வண்டி ஓட்டுபவனுக்காக என்று சொல்வீர்கள். அவன் உணர்வோடிருந்தால் உள்ளேயுள்ள ஆளியைத் தானே திருப்பிவிடுவான். ஆனால் வெளியேயும் ஒரு பிடி இருக்கவேண்டும் என்று விதி ஏன் வற்புறுத்துகிறது? ஓட்டுபவன் பேசவும் கையசைக்கவும் இயலாத நேரம் வரலாம் என்பதனாலேதான். அப்போது அவன் உயிர், ஓடிவரும் ஒருவனுடைய கையில் இருக்கிறது. அவ்வொருவன் அந்த வண்டியை முன்னர் பார்த்ததில்லை. அதைப் பூட்டிய நம்மை அறியான். அவனுக்கு நாம் விட்டுச்செல்லும் செய்தி அந்தப் பிடியும் அந்த முக்கோணமுமே.

அவ்வாறு ஓடிவந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். 1973 யூலை 29ஆந் திகதி ஒல்லாந்திலே சான்ட்வோர்ட் என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தில், றொஜர் வில்லியம்சன் என்னும் ஆங்கிலேய இளைஞரின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பற்றியது. உள்ளே அவர் உயிரோடு அகப்பட்டிருந்தார். அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த டேவிட் பேர்லி என்பவர் தன் காரை நிறுத்திவிட்டு, பாதையைக் கடந்து ஓடி, எரியும் காரைத் தனியொருவராய் நிமிர்த்த முயன்றார். முடியவில்லை. தீயணைக்கும் கருவியொன்றை வாங்கி அடித்தார். அதுவும் போதவில்லை. அங்கே நின்ற ஊழியர்களிடம் தீயை நெருங்கத் தக்க உடை இல்லை. வில்லியம்சன் இறந்தார். பேர்லியின் துணிவுக்குப் பிரித்தானிய அரசு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது. ஓர் ஆளி இருந்திருந்தால் வில்லியம்சன் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. மீட்க வருபவனுக்குத் துணிவு மாத்திரம் இருந்தாற் போதாது. அவன் கைக்கு எட்டும்படி முன்கூட்டியே ஒருவன் ஆயத்தஞ் செய்திருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவே அக்கதையை எடுத்தோம்.

நமது நாட்டிலும் ஒரு துயரம் நிகழ்ந்தது. 2024 ஏப்ரில் 21ஆந் திகதி தியத்தலாவைப் பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தனர். 20க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோரில் ஒரு சிறு பிள்ளையும் உண்டு. அதற்கும் பற்றறிக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் போட்டி என்பது ஓட்டுபவனுடைய வீரம் மாத்திரமன்று, சுற்றி நிற்கும் அத்தனை பேருடைய உயிரும் அதிற் கலந்திருக்கிறது என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. ஓட்டத்தை விட்டுவிடுங்கள் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு இளைஞர் சொல்லத்தக்க மறுமொழி வாய்ப்பேச்சன்று. ஒழுங்காகப் பூட்டிய வண்டிதான்.

இனி, முன்னர் மறவாதீர்கள் என்று சொன்ன முக்கோணத்துக்கு வருவோம். அதிலே ஓர் எழுத்துமில்லை. தமிழுமில்லை, சிங்களமுமில்லை, ஆங்கிலமுமில்லை. நீல முக்கோணம், வெள்ளைக் கரை, சிவப்பு மின்னல், அவ்வளவே. குடாநாட்டுத் தமிழ் இளைஞன் ஓட்டும் வண்டி அனுராதபுரத்திலோ தியத்தலாவையிலோ கவிழ்ந்து கிடந்தால், முதலில் ஓடிவருபவர் தமிழறியாத ஒரு சிங்களச் சிப்பாயாக இருக்கலாம். அவருக்கும் இவனுக்கும் பேசிக்கொள்ள ஒரு சொல் இல்லாமற் போகலாம். ஆனால் அந்த முக்கோணத்தை அவர் வாசிப்பார், அதன் கீழுள்ள பிடியை இழுப்பார், எஞ்சின் நிற்கும், பின்னர் அவர் அச்சமின்றி உள்ளே கைவிட்டு இவனைத் தூக்குவார். எத்தனையோ ஆண்டுகளாக ஒருவர் பேச்சை ஒருவர் விளங்காமல் நாம் இழந்தவை பல. ஒரு முக்கோணம் அவ்வளவையும் திருத்திவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், நம்மை அறியாத ஒருவர் நமக்கு உதவுவதற்கு வேண்டிய வழியை நாமே திறந்துவைப்பது ஒரு நல்ல தொடக்கம்.

ஆகவே வண்டி ஆயத்தஞ் செய்யும் தம்பிமாருக்கு மூன்று வேண்டுகோள். முக்கோணத்தைச் சேறு மூடினாற் துடையுங்கள். அழகுக்காக அதன்மேல் வேறு படம் ஒட்டாதீர்கள். தீயணைப்புக் கருவியின் பிடிக்கு வெள்ளை வட்டத்தினுள் சிவப்பு எழுத்துக் குறி வேறாக உண்டு. இரண்டையும் மயங்க வைக்காதீர்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னர் எஞ்சினை ஓடவிட்டு, உங்கள் வண்டியை முன்பின் அறியாத ஒருவரை அழைத்து, ஒன்றும் சொல்லாமல், "இதனை நிறுத்துங்கள்" என்று மாத்திரம் கேளுங்கள். அவர் தேடாமல் நிறுத்தினால் நீங்கள் பூட்டியது ஆளி. அவர் தேடினால், குறடும் ஸ்பனரும் இன்னும் உங்களுக்கு வேலை வைத்திருக்கின்றன.

போட்டி வண்டி எல்லோரிடமும் இல்லை. ஆனால் உழவு இயந்திரமும் வானும் வள்ளத்து எஞ்சினும் நம் வீடுகளில் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் அவற்றின் பற்றறியை ஒருமுறை பாருங்கள். கட்டு இறுக்கமாக இருக்கிறதா, முனை மூடியிருக்கிறதா, கம்பி எங்கேனும் உராய்கிறதா என்று கவனியுங்கள். பின்னர் உங்கள் மனைவியையோ மகளையோ அழைத்து, ஆபத்திலே எதை முதலில் நிறுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் பூவும் வைக்கிறோம். மற்ற நாட்களில் அவற்றின் திருகை இறுக்கி வைப்பதும் அந்தப் பூசையின் மிகுதியே.

பக்கத்து வளவு மெக்கானிக் அண்ணை அன்று வேலியருகே வராதிருந்தால், பொய்யான ஓர் ஆளியோடு நாம் போட்டிக்குப் போயிருப்போம். அவர் கேட்ட கேள்வியை உங்கள் கையில் ஒப்படைத்து இவ்வளவில் அமைகிறோம். நீங்கள் எந்த வேலையை முடித்தாலும் ஒருமுறை உங்களையே கேளுங்கள்: ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தோமா?